வளையல் சத்தமும் பிரஷர் பட்டையும்: 34 வாரக் கர்ப்பிணி ஒருவருடன் தசைத் தளர்வுப் பயிற்சியில் பதினைந்து நாள்

அந்தப் பெண் எங்கள் வார்டுக்கு வந்தபோது இரண்டு கையிலும் கை நிறையக் கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பிரஷர் பட்டையைக் கட்டக் கையை நீட்டச் சொன்னபோது வளையலைக் கழற்ற வேண்டுமோ என்று பயந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கழற்ற வேண்டாம், பட்டை முழங்கைக்கு மேலேதான் வரும் என்றேன். அந்த வளையல்கள் பின்னால் இந்தச் சிகிச்சையில் ஒரு பங்கு வகிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவத்துக்கு முந்தைய வார்டில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இது ஒரே ஒரு தாயின் கதை. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். உயர் இரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிக்குத் தளர்வுப் பயிற்சி கொடுப்பதைப் பற்றிச் செவிலியர் கல்லூரிகளில் நிறையப் படிக்கிறோம். வார்டில் அதைச் செய்துபார்க்கும்போது எது கைகொடுக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. நான் சறுக்கிய இடமும் இதில் வருகிறது.

வந்தபோது இருந்த நிலை

வயது 24. தலைப்பிரசவம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் வேலை. கணவரும் அங்கேயே கட்டிங் பிரிவில். ஏழாவது மாதம் வரை வேலைக்குப் போயிருக்கிறார். வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்கு வந்தவரைக் கிராம சுகாதார செவிலியர் பார்த்து, பிரஷர் கூடுதலாக இருப்பதைக் கவனித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப, அங்கிருந்து எங்களிடம் வந்தார்.

தாய் சேய் நல அட்டையில் 10ஆவது வாரத்தில் பிரஷர் 110/70 என்று இருந்தது. 28ஆவது வாரத்தில் 120/80. எங்களிடம் வந்த அன்று, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசவிடாமல் அளந்தபோது 150/98. நான்கு மணி நேரம் கழித்து 148/96. இந்த நான்கு மணி நேர இடைவெளி முக்கியம். பேருந்தில் வந்து இறங்கி, படியேறி, பயந்துபோய் இருப்பவருக்கு ஒருமுறை 140 தாண்டுவது பெரிய விஷயமில்லை. இரண்டு முறை, இடைவெளி விட்டு, 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் உயர் இரத்த அழுத்தம் என்று எழுதுவோம். 160/110 தொட்டால் அது வேறு கதை. அப்போது காத்திருக்க நேரமில்லை.

சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை. ரத்தத் தட்டணுக்கள் 2.1 லட்சம், கிரியாட்டினின் 0.6, கல்லீரல் பரிசோதனை சரி, ஹீமோகுளோபின் 10.2. ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி வாரத்துக்கு ஏற்ப இருந்தது, பனிக்குட நீரும் போதுமான அளவு. இரண்டு காலிலும் கணுக்கால் வரை வீக்கம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எதுவும் இல்லை. கர்ப்பத்தால் வந்த உயர் இரத்த அழுத்தம், முன்வலிப்பு நிலைக்கு, அதாவது மற்ற உறுப்புகளும் பாதிக்கப்பட்டு வலிப்புவரை போகக்கூடிய பிரீஎக்ளாம்ப்சியாவுக்கு, இன்னும் போகவில்லை என்று மருத்துவர் எழுதினார். பிரஷரைக் குறைக்கும் லேபிட்டலால் மாத்திரை 100 மில்லிகிராம் காலை, இரவு. வார்டில் இருக்க வேண்டும், ஆறு மணி, இரண்டு மணி, பத்து மணி என்று ஒரு நாளைக்கு மூன்று முறை பிரஷர் பார்க்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை.

எண்களில் வராதது ஒன்று இருந்தது. இரண்டாவது நாள் இரவு பக்கத்துக் கட்டிலில் இருந்த தாய்க்கு வலிப்பு வந்தது. ஊரில் ஜன்னி என்று சொல்வார்களே, அதுதான். திரை போட்டோம், மருந்து போட்டோம், உடனே லேபர் வார்டுக்கு மாற்றினோம். அந்தத் தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். ஆனால் இந்தப் பெண் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதன்பின் அவர் தூங்கவில்லை. “எனக்கும் அப்படி வருமா அக்கா?” என்று ஒவ்வொரு ஷிஃப்டில் வரும் செவிலியரிடமும் கேட்டிருக்கிறார். பட்டையைக் கட்டும்போதே மூச்சு வேகமாகும், தோள் காதுவரை ஏறும். நாடித்துடிப்பு 104, 108 என்று வந்தது.

மூன்றாவது நாள் காலை மருத்துவரிடம் கேட்டு, தளர்வுப் பயிற்சி ஆரம்பிக்க அனுமதி வாங்கினேன்.

என்ன செய்தோம்

அமெரிக்காவின் சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் உருவாக்கி 1929இல் எழுத்தில் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு தசைத் தொகுதியாக முதலில் இறுக்கி, பிறகு விடுவது. இறுகியிருப்பது எப்படி இருக்கும், தளர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உடம்புக்கே வித்தியாசம் தெரியவைப்பதுதான் அதன் அடிப்படை. தோள் இறுகியிருப்பதே தெரியாமல் நாள் முழுக்க இருப்பவர்கள் நிறையப் பேர். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓவர்லாக்கில் குனிந்து உட்கார்ந்தவருக்கு அது இன்னும் அதிகம்.

புத்தகத்தில் இருக்கிறபடி அப்படியே கர்ப்பிணிக்குச் செய்ய முடியாது. மல்லாந்து படுக்க வைத்தால் கனமான கருப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். தலைசுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். அதனால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, வலது இடுப்புக்குக் கீழே மடித்த போர்வையை வைத்து, உடம்பு சற்று இடது பக்கம் சாயும்படி அமர்த்தினேன். சில நாள் முழுதாக இடது பக்கம் ஒருக்களித்தே செய்தோம்.

அடுத்தது, இறுக்கும் அளவு. முழு பலத்தோடு தசையை இறுக்கி, மூச்சையும் அடக்கினால் அந்த நேரத்தில் பிரஷர் ஏறும். ஏற்கெனவே கூடுதலாக இருப்பவருக்கு அது வேண்டாத வேலை. எனவே பாதி பலம் போதும், மூச்சை எந்தக் கட்டத்திலும் பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐந்து வினாடி இறுக்கம், இருபது முப்பது வினாடி தளர்வு. வயிற்றுத் தசையை இறுக்கும் பகுதியை முழுவதும் விட்டுவிட்டேன். கால் விரலை முன்னால் நீட்டி இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆகவே பாதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுப்பது மட்டும்.

வரிசை இப்படி இருந்தது: முதலில் மூச்சு, நான்கு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே, ஐந்து நிமிடம். பிறகு வலது கை, இடது கை, மேல்கை, தோள், நெற்றி, கண், தாடை, தொடை, பாதம். கடைசியில் எதுவும் செய்யாமல் மூன்று நிமிடம். மொத்தம் இருபது நிமிடம். மதியம் சாப்பாடு முடிந்து இரண்டரை மணிக்கு ஒருமுறை, இரவு மாத்திரை போட்டபின் ஒன்பது மணிக்கு ஒருமுறை.

முதல் நாள் சரியாக வரவில்லை. “கையை இறுக்குங்க” என்றால் பல்லையும் சேர்த்துக் கடிப்பார். “விடுங்க” என்றால் கை பாதி மூடியபடியே நிற்கும். தளர்வு என்ற சொல்லே அவருக்கு ஒட்டவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல நான் பேசிக்கொண்டிருந்ததும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு அவரிடமே கேட்டேன், கம்பெனியில் வேலை முடிந்தது என்று எப்போது உங்களுக்குத் தோன்றும் என்று. யோசித்துவிட்டுச் சொன்னார்: “மெஷினை ஆஃப் பண்ணினதும் உடனே நிக்காதுக்கா. உய்ய்ய்ன்னு சத்தம் இறங்கி இறங்கி நிக்கும். அப்பத்தான் முடிஞ்சதுன்னு இருக்கும்.”

அன்றிலிருந்து “விடுங்க” என்று சொல்வதை நிறுத்திவிட்டு, “மெஷினை ஆஃப் பண்ணுங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரே நாளில் மாற்றம் தெரிந்தது. கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

வளையலும் உதவியது. கையை மூடும்போது வளையல்கள் சரிந்து கலகலக்கும். தளர்த்தியபின் கை அசையாமல் கிடந்தால் சத்தமே வராது. நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வளையல் சத்தம் நின்றுவிட்டதா என்று அவரே காது கொடுத்துக் கேட்டுக்கொள்வார். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேட்கட்டும் என்றுதானே வளையல் போடுகிறோம். இங்கே தாயும் கேட்டார்.

ஐந்தாவது நாள் என் குரலைத் தன் செல்போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். இரவில் நான் இல்லாதபோது அதைப் போட்டுக்கொண்டார். ஹெட்ஃபோன் இல்லாமல் மெல்லிய சத்தத்தில் வைத்ததால் அந்த வரிசையில் இருந்த மற்ற தாய்மார்களும் கையை மூடித் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரவுப் பணியில் இருந்த செவிலியர் வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவோடு கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. மகள் கட்டிலை விட்டே இறங்கக் கூடாது, சாப்பாட்டில் உப்பே இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். இரண்டுமே அன்பினால் வருவதுதான். ஆனால் கர்ப்ப கால உயர் இரத்த அழுத்தத்துக்குக் கண்டிப்பான படுக்கை ஓய்வு தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2011லேயே சொல்லிவிட்டது. ஒரேயடியாகப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து வேறு இருக்கிறது. உப்பில்லாத சாப்பாட்டாலும் இந்தப் பிரஷர் குறைவதில்லை. சாப்பிடும் அளவுதான் குறையும். தளர்வுப் பயிற்சி என்றதும் அதுவும் படுக்கை ஓய்வுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இருபது நிமிடம் பயிற்சி, மற்ற நேரம் வராந்தாவில் நடக்கலாம், குளிக்கலாம், பேசலாம் என்று விளக்கியபின் அம்மா சமாதானமானார். ஊறுகாயையும் அப்பளத்தையும் மட்டும் விட்டுவிடுவதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

காலை ஆறு மணி அளவுகள் மட்டும் தருகிறேன். மூன்றாம் நாள் 146/94. ஐந்தாம் நாள் 144/94. அன்று லேபிட்டலால் 200 மில்லிகிராமாகக் கூட்டப்பட்டது, இருவேளை. எட்டாம் நாள் 136/88. பத்தாம் நாள் 134/86. பன்னிரண்டாம் நாள் 132/84. நாடித்துடிப்பு 104லிருந்து 80க்கு வந்தது. தூக்கம், அவரே சொன்ன கணக்குப்படி, இரண்டு மணி நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் ஆனது.

இதைப் பார்த்துவிட்டுப் பயிற்சியால் பிரஷர் இறங்கியது என்று எழுதிவிடலாம். கல்லூரியில் படித்த காலத்தில் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் ஐந்தாம் நாள் மாத்திரை இரண்டு மடங்கானது. லேபிட்டலால் நாடித்துடிப்பையும் குறைக்கும். பக்கத்துக் கட்டிலில் நடந்ததைப் பார்த்த பயம் நாளாக நாளாகத் தானாகவே தணியும். அதிகமாக இருக்கும் நாளில் அளக்க ஆரம்பித்தால் அடுத்த அளவுகள் பெரும்பாலும் சற்றுக் குறைவாகத்தான் வரும். இத்தனைக்கும் நடுவில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று ஒரு தாயை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலேயே கவனமாக இருந்தேன். பயிற்சி முடிந்த உடனே அளந்த பிரஷரைப் பதிவேட்டில் முக்கிய அளவாக எழுதவில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலும் சற்று இறங்கித்தான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டாமல் விட்டால் அது தாய்க்குச் செய்யும் துரோகம். வழக்கமான மூன்று நேர அளவுகள்தான் சிகிச்சைக்குக் கணக்கு.

இதற்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மும்பையில் தாதே என்ற இதய மருத்துவரும் குழுவினரும் உயர் இரத்த அழுத்தம் உள்ள 47 பேருக்குச் சவாசனம் கற்றுக்கொடுத்துப் பார்த்ததை 1969இல் வெளியிட்டார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் அல்லர். கர்ப்பிணிகளிடமே செய்தது, 1984இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: பிரஷர் கூடிய 60 கர்ப்பிணிகளை மூன்று குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குத் தளர்வுப் பயிற்சி, இன்னொன்றுக்கு அதோடு உடல் நிலையைக் கருவி வழியாகக் காட்டித் தரும் பயோஃபீட்பேக், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. பயிற்சி பெற்ற இரண்டு குழுக்களிலும் பிரஷர் குறைவாக இருந்தது, மருத்துவமனையில் சேர வேண்டி வந்தவர்களும் குறைவு. ஊக்கம் தரும் முடிவுதான். ஆனால் 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வலிப்பு வராமல் தடுக்குமா, குழந்தை பிழைப்பதில் வித்தியாசம் வருமா என்பதற்கெல்லாம் அதில் விடை தேட முடியாது. வலிப்பைத் தடுப்பதில் நிரூபணமான மருந்து எது என்று கேட்டால் அது மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2002இல் வெளிவந்த ஆய்வில் வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைத்தது. அந்த இடத்தில் தளர்வுப் பயிற்சியைக் கொண்டுபோய் வைக்க முடியாது.

காரணமும் தெளிவானதுதான். பயம், தூக்கமின்மை, இறுக்கம் எல்லாம் நரம்பு மண்டலத்தின் வழியாகப் பிரஷரை ஏற்றுகின்றன. அந்தப் பங்கை மூச்சும் தசைத் தளர்வும் தணிக்கும். முன்வலிப்பு நிலையின் வேர் அங்கே இல்லை, நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் போதிய அளவு விரிவடையாமல் போனால், ரத்தம் சரியாகக் கிடைக்காத நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கலக்கிறது. அவை உடம்பு முழுவதும் ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாம் பாதிக்கப்படுவது அதனால்தான். மனம் அமைதியாக இருக்கும் தாய்க்கும் இது நடக்கும். “நீ கவலைப்பட்டதாலதான் இந்த நோய் வந்துச்சு” என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து நிறுத்துங்கள். அது உண்மையும் இல்லை, அந்தப் பழியைச் சுமக்கும் நிலையில் அவர் இருப்பதும் இல்லை.

பதினைந்தாம் நாள்

பதினான்காம் நாள் இரவு பத்து மணிக்கு 142/92. நான்கைந்து நாளாக 130களில் இருந்தவருக்கு இது ஏற்றம். பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. காலையில் 144/92. வலி வந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்ததால் அன்று மதியம் இரண்டு மணி அளவை யாரும் எடுக்கவில்லை. இரண்டரைக்கு நான் பயிற்சிக்குப் போனேன்.

“காலையிலருந்து தலை வலிக்குதுக்கா” என்றார்.

நான் சொன்ன பதில் இன்றும் எனக்கு உறுத்துகிறது. “படுங்கம்மா, மெஷினை ஆஃப் பண்ணினா சரியாயிடும்” என்றேன். அளக்காமல் ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு நாளாக நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றின் மேல் எனக்கே வந்துவிட்ட நம்பிக்கை அது. தலைவலி என்ற சொல்லை என் காது இறுக்கம் என்று கேட்டது. வேறு எந்தத் தாய் அந்த வார்டில் தலை வலிக்கிறது என்று சொல்லியிருந்தாலும் என் கை தானாகப் பிரஷர் பட்டையை எடுத்திருக்கும்.

மூச்சு, கை, தோள் என்று போய் முகத்துக்கு வந்தோம். கண்ணை லேசாக இறுக்கி விடச் சொன்னேன். விட்டபின் கண்ணை மூடியபடியே சொன்னார்: “அக்கா, மூடினாலும் மின்மினிப் பூச்சி மாதிரி பறக்குது.”

நிறுத்தினேன். அளந்தேன். 168/112. பதினைந்து நிமிடம் கழித்து 166/110. முழங்காலில் தட்டினால் கால் அளவுக்கு மீறித் துள்ளியது. சிறுநீரில் ஆல்புமின் இரண்டு பிளஸ். மருத்துவர் அதற்குள் வந்துவிட்டார். ரத்தத்தில் தட்டணுக்கள் 1.2 லட்சமாக இறங்கியிருந்தன, கல்லீரல் நொதிகள் லேசாகக் கூடியிருந்தன. தீவிர முன்வலிப்பு நிலை.

மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் நரம்பில் மெதுவாக, இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகத் தசையில். பிரஷரை இறக்க நிஃபெடிபின் 10 மில்லிகிராம் விழுங்கக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் 150/100 ஆனது. அதற்குக் கீழே வேகமாக இறக்கக் கூடாது, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். மெக்னீசியம் போடும்போது உடம்பெல்லாம் காந்தும். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் அலறவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த டோஸ் போடுமுன் முழங்கால் துள்ளல் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் போதுமான அளவு வருகிறதா என்று பார்த்தோம். மெக்னீசியம் அளவு மீறினால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஊசி கட்டிலருகே தயாராக இருந்தது.

36 வாரம் முடிந்து ஒரு நாள். குழந்தை வெளியே வந்து பிழைக்கும் கட்டம். இந்த நோய்க்கு அடிப்படைத் தீர்வு நஞ்சுக்கொடி வெளியே வருவதுதான். ஜெல் வைத்து வலி வரவைக்க முடிவானது.

பிரசவ அறையில் நடந்ததை நான் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மெக்னீசியம் கொடுத்த மயக்கம், வெளிச்சத்தைக் குறைத்த அறை, மணிக்கு மணி அளவுகள். வலி வந்து போகும் இடைவெளிகளில் அவருடைய வலது கை மூடித் திறந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை. தாடை தளர்ந்தது, மூச்சு நீளமாகப் போனது, அடுத்த வலி வரும்வரை வளையல் அசையாது. சுமார் பதினேழு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை, பெண் குழந்தை. எடை 2.25 கிலோ. உடனே அழுதது. நஞ்சுக்கொடி வெளியேற ஆக்ஸிடோசின் போட்டோம். பிரஷர் உள்ள தாய்க்கு, அதை இன்னும் ஏற்றிவிடும் மெதர்ஜின் ஆகாது என்பதால் அந்த ஊசி தட்டிலேயே இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். வலிப்பு வரவில்லை.

பிறகு

பிரசவம் ஆனதும் ஆபத்து முடிந்தது என்று வீட்டுக்கு ஓடுபவர்கள் உண்டு. மெக்னீசியம் பிரசவத்துக்குப் பின்னும் 24 மணி நேரம் தொடர்ந்தது. பிரஷர் பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஏறும். இவருக்கும் நான்காம் நாள் 154/100 வந்தது. மாத்திரையைச் சரிசெய்து, எட்டாம் நாள் அனுப்பினோம். பயிற்சி தொடர்ந்தது, ஆனால் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் யாருக்குக் கிடைக்கும்? பால் கொடுக்கும்போது தோளையும் தாடையையும் மட்டும் விடுங்கள் என்றேன். அது போதும். பால் இறங்கவும் அது நல்லது.

அந்தப் பதினைந்தாம் நாள் பற்றி வார்டில் பேசினோம். என் தவற்றை நானே சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருக்கிறது: முதலில் பட்டை, அப்புறம்தான் பயிற்சி. பிரஷர் 160/110ஐத் தொட்டிருந்தாலோ, தலைவலி, கண்ணில் மின்னல், கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சு வாங்குதல், குழந்தை அசைவு குறைதல் என்று எது இருந்தாலோ பயிற்சி கிடையாது, நேராக மருத்துவர். அளவு வழக்கத்தைவிட ஏறியிருந்தால், 140ஐ ஒட்டியே இருந்தாலும், அதைச் சொல்லாமல் பயிற்சிக்குப் போகக் கூடாது. வீட்டில் செல்போனைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்யும் கர்ப்பிணிகளுக்கும் இதே வார்த்தைதான். பயிற்சி செய்தும் போகாத தலைவலியை உறங்கிக் கழிக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு விதமாகவும் அந்த நாளை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அளவு எடுக்க விட்டுப்போன அந்த மதியம், நான் பயிற்சிக்கென்று போய் உட்காராமல் இருந்திருந்தால் அந்த மின்மினி யாரிடம் சொல்லப்பட்டிருக்கும்? நாற்பது பேர் இருக்கும் வார்டில் ஒரு தாயின் பக்கத்தில் ஒரு செவிலியர் இருபது நிமிடம் முழுதாக உட்காருவது அபூர்வம். நான்காம் நாள் பயிற்சி முடிந்தபின்தான் அவர் ஒன்றைச் சொன்னார்: முதல் இரண்டு நாளும் இரவு மாத்திரையை விழுங்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார், குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். ரவுண்ட்ஸில் ஐந்து பேர் சூழ்ந்து நிற்கும்போது அது வெளியே வந்திருக்காது. ஐந்தாம் நாள்வரை பிரஷர் இறங்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அன்று முதல் மாத்திரையை அவர் வாயில் போட்டு விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் இரவுப் பயிற்சியைத் தொடங்கினேன். தளர்வுப் பயிற்சியின் பலன் என்று என்னால் கை வைத்துக் காட்ட முடிவது தூக்கமும், அந்த மாத்திரையும், அந்த மின்மினியும்தான்.

ஆறாவது வாரம் வந்தபோது 124/80. மாத்திரை ஐந்தாவது வாரமே நிறுத்தப்பட்டிருந்தது. பன்னிரண்டாவது வாரம் 116/76, சிறுநீரில் ஆல்புமின் இல்லை. குழந்தை நன்றாக எடை போட்டிருந்தாள். அடுத்த முறை கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே, 12 வாரத்துக்கு முன்பே வர வேண்டும், சிறு அளவு ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதினேன். ஒருமுறை இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம், அதனால் ஆண்டுக்கொருமுறை பிரஷர் பார்க்க வேண்டும் என்பதையும் கணவரை உட்கார வைத்துச் சொன்னேன். அவர் அதைத் தன் செல்போனில் குறித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவருடைய கையில் இரண்டே வளையல் மீதி இருந்தது. மற்றவை உடைந்துவிட்டதாகச் சொன்னார். என் குரல் பதிவு மட்டும் இன்னும் போனில் இருக்கிறதாம். பக்கத்து வீட்டில் ஏழு மாதம் ஆகும் பெண்ணுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்புங்கள், ஆனால் முதலில் அந்தப் பெண்ணைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றேன். அடுத்த வாரம் போன் செய்து எண்ணைச் சொன்னார்: 118/74.